சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாருக்குக் காயம் ஆறும்வரை பணம் கிடைக்குமா?

வேளிமலை_பொண்ணு

அக்கா வீட்டுக்காரர் கொத்தனார். தக்கலைப் பக்கம் ஒரு மாடி வீட்டில் வெளிப்பூச்சு நடந்துகொண்டிருந்தபோது சாரத்தில் கயிற்றுக்கட்டு நழுவிக் கீழே விழுந்துவிட்டார். வலது கணுக்கால் முறிவு. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் பிளேட் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாதாம்.

காண்ட்ராக்டர் மோசமானவர் இல்லை. ஆஸ்பத்திரிக்கே வந்து பத்தாயிரம் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் போன வாரம் ஒரு தாளை நீட்டி, "இதோடு எனக்கும் அவருக்கும் கணக்குத் தீர்ந்தது" என்று எழுதி அத்தானிடம் கையெழுத்துக் கேட்கிறார். அத்தானுக்குத் தினம் 900 ரூபாய் சம்பளம், மாதத்தில் இருபத்திரண்டு நாளாவது வேலை இருக்கும். பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம். கையெழுத்துப் போடலாமா? கை கால் போனால்தான் நஷ்ட ஈடு என்று சொல்கிறார்களே, எலும்பு ஒட்டி எழுந்துவிட்டால் ஒன்றும் கிடையாதா?

சாரம்கட்டி

கையெழுத்து மட்டும் போடாதீங்க பிள்ளே. மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பழைய_கிளார்க்

சங்க ஆபீஸில் இந்த மனுக்களை எழுதியே காலம் போனவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உயிரோ உறுப்போ போனால்தான் இழப்பீடு என்பது ஊரில் பரவியிருக்கும் பெரிய தப்பு நினைப்பு. 1923ஆம் வருடச் சட்டம், பிறகு வந்த பெயரில் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாத காலத்துக்கென்றே தனியாகப் பணம் சொல்கிறது. அதற்குப் பெயர் அரைமாதப் பணம். மாதச் சம்பளத்தில் 25 சதவீதம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மாதத்துக்குக் கால் பங்கு என்று காண்ட்ராக்டர் சொல்வார், நாமும் தலையாட்டிவிடுவோம். அந்த 25 சதவீதம் ஒவ்வொரு அரை மாதத்துக்கும் உரியது. அப்படியானால் மாதத்துக்குப் பாதிச் சம்பளம்.

ஆனால் ஒரு உச்சவரம்பு இருக்கிறது. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு மாதம் 15,000 ரூபாய்தான் எடுப்பார்கள். 2020 ஜனவரி 3 முதல் இப்படி, அதற்கு முன் 8,000. உங்கள் அத்தான் 900 வீதம் இருபத்திரண்டு நாள் பார்த்தால் 19,800 வருகிறது, அது 15,000 ஆகச் சுருங்கும். அரைமாதத்துக்கு 3,750. மூன்று மாதத்துக்கு ஆறு தவணை, 22,500. பெரிய பணம் இல்லைதான். அரிசிக்கும் பாலுக்கும் ஆகும்.

மூன்று நாளுக்குள் சரியாகிவிடும் காயத்துக்கு ஒன்றும் கிடையாது. நான்காவது நாளிலிருந்து 28 நாளுக்குள் வேலைக்குத் திரும்பிவிட்டால் முதல் மூன்று நாளைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுவார்கள். 28 நாளோ அதற்கு மேலோ போனால் விழுந்த நாளிலிருந்தே கணக்கு. முதல் தவணை பதினாறாவது நாள் கொடுக்க வேண்டும். குணமாகும்வரை வரும், அதிகபட்சம் ஐந்து வருடம்.

இது போக மருத்துவச் செலவு தனி. 2009 திருத்தத்துக்குப் பிறகு, வேலையில் பட்ட காயத்துக்கு உண்மையில் ஆன சிகிச்சைச் செலவையும் முதலாளி திருப்பித் தர வேண்டும். மருந்துக்கடை பில் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

செங்கல்சூளை

நான் சூளையும் வைத்திருக்கிறேன், சின்னச் சின்ன வீட்டு வேலையும் எடுத்துச் செய்கிறேன். மறுபக்கத்தையும் யாராவது பேச வேண்டாமா? ஒரு வீட்டில் எனக்கு நிற்பது என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? வீட்டுக்காரர் கடைசித் தவணையைப் பிடித்து வைத்திருப்பார், மணல் விலை ஏறியிருக்கும். ஆள் விழுந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் நாங்கள், சோறு வாங்கிக் கொடுப்பதும் நாங்கள். ஹெல்மெட் போடு, இடுப்புப் பெல்ட் கட்டு என்று சொன்னால் "நான் இருபது வருடமாக ஏறுகிறேன்" என்பார்கள். சிலர் சாயங்காலம் ஆவதற்குள் ஊற்றிக்கொண்டும் வருகிறார்கள். அவன் தப்புக்கு நான் மூன்று மாதம் பாதிச் சம்பளம் கொடுக்கணுமா?

தவிர, இவர்கள் நிரந்தர ஆளும் இல்லை. இன்றைக்கு என்னிடம், நாளைக்கு வேறொருவரிடம்.

பழைய_கிளார்க்

சூளைக்கார அண்ணாச்சி, உங்கள் கஷ்டம் பொய்யில்லை. ஆனால் நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டு சட்டத்தில் நிற்காது.

தினக்கூலி என்ற வாதம் 2000ஆம் வருடத் திருத்தத்தோடு போயிற்று. முன்பு தற்செயலாக வந்த கூலியாள் தொழிலாளி என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று ஒரு வாசகம் இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். அப்புறம் அசட்டை. கவனக்குறைவாக இருந்தார் என்பதால் இழப்பீடு போகாது. சட்டம் கேட்பது வேறு: பாதுகாப்புக்காகக் கொடுத்த தெளிவான உத்தரவை வேண்டுமென்றே மீறினாரா, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றி வைத்தாரா? உங்கள் சாரத்தில் பெல்ட் இருந்ததா, அதை மாட்டக் கொக்கி இருந்ததா என்றுதான் முதலில் கேட்பார்கள். வாயால் சொன்னேன் என்றால் போதாது.

குடி நிற்கும். குடிபோதையில் இருந்ததே விபத்துக்கு நேர்க் காரணம் என்று முதலாளி நிரூபித்தால் தற்காலிக இயலாமைக்குப் பணம் கிடையாது. ஆனால் நிரூபிப்பது உங்கள் பாடு. முதல் நாள் ஆஸ்பத்திரியில் எழுதும் விபத்துப் பதிவேட்டில் சாராய வாடை இருந்ததா என்று டாக்டர் குறித்திருப்பார். அதைத் தாண்டி, பிறகு சொல்லும் கதைக்கு மதிப்புக் குறைவு.

உங்களைப் போன்றவர்களுக்கு வழி ஒன்று இருக்கிறது. தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி இன்சூரன்ஸ் கம்பெனிகளில் கிடைக்கும், ஒரு வேலை முடியும்வரைக்கு மட்டும்கூட எடுக்கலாம். வீட்டுக்காரரோடு ரேட் பேசும்போதே அந்தப் பிரீமியத்தையும் சேர்த்துப் பேசுங்கள்.

வக்கீல்_தம்பி_தக்கலை

கிளார்க் சார் சொன்னதோடு சில விஷயம்.

2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய இழப்பீட்டுச் சட்டமும் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சட்டமும் அதற்குள் போய்விட்டன. அரைமாதத்துக்கு 25 சதவீதம் என்ற கணக்கு அதிலும் அப்படியே. அந்தத் தேதிக்கு முந்திய விபத்து என்றால் மனுவில் பழைய சட்டத்தின் பிரிவைப் போட வேண்டும்.

மேலே யாரும் தொடாத கேள்வி: வீட்டுக்காரர் மேல் போக முடியுமா? காண்ட்ராக்டர் வழியாக வேலை செய்யும் ஆளுக்கு மேலே இருக்கும் முதன்மை முதலாளியும் பொறுப்பு, அது பழைய சட்டத்தில் பிரிவு 12. ஆனால் அந்த வேலை அவருடைய தொழில் அல்லது வியாபாரத்தின் பகுதியாக இருக்க வேண்டும். ஃபிளாட் கட்டி விற்கும் கம்பெனி என்றால் மாட்டும். தன் குடும்பம் குடியிருக்க வீடு கட்டும் வாத்தியாரைப் பிடிப்பது கடினம். ஆகவே உங்களுக்குக் காண்ட்ராக்டர்தான்.

இன்னொன்று, எந்தெந்த வேலைக்குச் சட்டம் பொருந்தும் என்று அதிலேயே ஒரு அட்டவணை உண்டு, எல்லாக் கட்டிட வேலையும் அதில் வராது. தரைக்கு மேல் ஒரு மாடிக்கு மேற்பட்ட கட்டிடமாகவோ, தரையிலிருந்து கூரை உச்சிவரை 12 அடியோ அதற்கு மேலோ இருப்பதாகவோ இருக்க வேண்டும். மாடி வீடு என்கிறீர்கள், கவலையில்லை.

வேளிமலை_பொண்ணு

எல்லோருக்கும் நன்றி. அந்தத் தாளைப் பற்றிச் சொல்லுங்களேன். காண்ட்ராக்டர் தினமும் ஆள் அனுப்புகிறார். அத்தானோ "அடுத்த வேலைக்கு அவர்தானே கூப்பிடணும்" என்று தயங்குகிறார்.

வக்கீல்_தம்பி_தக்கலை

அக்கா, அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் உரிமை போகாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் எந்த ஒப்பந்தமும் செல்லாது, பழைய சட்டத்தில் பிரிவு 17. மொத்தமாக ஒரு தொகை பேசி முடிக்க வேண்டுமென்றாலும் அந்த ஒப்பந்தத்தை இந்த மனுக்களை விசாரிக்கும் இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்தால்தான் அது நிற்கும். திண்ணையில் உட்கார்ந்து எழுதிய தாள் அங்கே போகாது.

ஆனாலும் போடாதீர்கள் என்றே சொல்வேன். காரணம், அந்தப் பத்தாயிரம். இழப்பீடாகக் கொடுத்தது என்று எழுதினால் வர வேண்டிய அரைமாதப் பணத்தில் கழித்துக்கொள்வார்கள். மருத்துவச் செலவுக்குக் கொடுத்தது என்றால் கழிக்கக் கூடாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. எனவே இப்படிச் செய்யுங்கள்: ஆஸ்பத்திரி, ஆட்டோ, மருந்து பில்களைக் கூட்டிப் பாருங்கள். "சிகிச்சைச் செலவுக்காக ரூபாய் பத்தாயிரம் பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் நீங்களே ஒரு ரசீது எழுதி, தேதி போட்டு, அவரிடம் கொடுங்கள். உங்களிடம் ஒரு நகல். கெட்ட பெயரும் வராது, கணக்கும் கெடாது.

சாரம்கட்டி

அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார் என்ற பயம்தான் நம்ம ஆட்களை வாய் திறக்க விடாமல் வைத்திருக்கிறது. எங்கள் செட்டில் ஒருத்தர் அதே பயத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கால் வளைந்து போயிற்று என்று அதே காண்ட்ராக்டர் பிறகு அவரை எடுக்கவும் இல்லை. யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவர் கணக்கு வேறு.

ரப்பர்பால்

குலசேகரம் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறேன். விடியலில் நெற்றி விளக்கோடு போகும்போது ஈரப் பாறையில் வழுக்கி மணிக்கட்டு போயிற்று. நான் நேரே எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வர்ம ஆசானிடம் போய் எண்ணெய் போட்டு மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டேன். நன்றாகவே கூடியிருக்கிறது. ஆனால் தோட்டத்துக்காரர் "நீ வேலையில் விழுந்தாய் என்பதற்கு என்ன இருக்கிறது?" என்கிறார். ஆசான் எழுதிக் கொடுத்தால் செல்லாதா?

பழைய_கிளார்க்

நம்ம மாவட்டத்தில் இதுதான் அடிக்கடி நடப்பது, கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

வர்ம ஆசான்மார் கட்டுப் போடுவதில் எனக்குக் குறையே இல்லை, என் முழங்கையே அப்படிக் கூடியதுதான். ஆனால் ஆணையர் முன்னால் வேண்டியது பதிவு பெற்ற மருத்துவர் தரும் சான்று: என்ன காயம், எத்தனை நாள் வேலை செய்ய முடியாது, எந்தத் தேதியில் வேலைக்குத் தகுதி. எண்ணெய்க் கட்டுக்கு முன்னால் அரசு ஆஸ்பத்திரி போய் ஒரு எக்ஸ்ரே எடுத்து, "வேலை பார்க்கும்போது விழுந்தேன்" என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு, அப்புறம் ஆசானிடம் போங்கள். யார் தடுக்கப் போகிறார்கள்?

ஆஸ்பத்திரிச் சீட்டில் "கால் இடறி விழுந்தார்" என்று மட்டும் எழுதியிருக்கும். கூட வந்த மேஸ்திரி போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, வீட்டில் விழுந்ததாகச் சொல்லச் சொல்வார். வலியில் இருக்கிறவர் தலையாட்டிவிடுவார். அந்த ஒரு வரியை மாற்றப் பிறகு படாத பாடு பட வேண்டும். எங்கே, என்ன வேலையில், எத்தனை மணிக்கு என்ற மூன்றும் முதல் சீட்டிலேயே வர வேண்டும்.

உங்கள் விஷயத்தில் இப்போதும் ஒரு எக்ஸ்ரே எடுங்கள், கூடிய எலும்பு அதில் தெரியும். பக்கத்து வரிசையில் வெட்டிய ஆள் சாட்சி சொல்வாரா பாருங்கள். விபத்து நடந்ததாக முதலாளிக்கு ஒரு பதிவுத் தபால் இன்றே போடுங்கள். அறிவிப்புத் தாமதமானாலும் தக்க காரணம் இருந்தால் ஆணையர் ஏற்பார். மனுவை மட்டும் விபத்து நடந்து இரண்டு வருடம் தாண்டவிடாதீர்கள். ரப்பர்த் தோட்ட வேலை சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

அண்டியாபீஸ்_அக்கா

நான் அண்டியாபீஸில், அதாவது முந்திரிப் பருப்புக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், மார்த்தாண்டம் பக்கம். எங்களுக்கு இஎஸ்ஐ. மேலே பேசியதெல்லாம் எங்களுக்குப் பொருந்தாது என்பதால் இதை எழுதுகிறேன்.

கட்டிங் மெஷினில் இடது கை ஆள்காட்டி விரல் நுனி மாட்டிக்கொண்டது. ரத்தம் நிற்கவில்லை. கம்பெனி வேனிலேயே பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்த் தையல் போட்டார்கள். மறுநாள் ஆபீஸிலிருந்து வந்து, "அக்கா, சாதாரண உடம்பு சரியில்லாத லீவாகப் போட்டுவிடலாம், விபத்து என்று எழுதினால் இன்ஸ்பெக்டர் வருவார், எல்லாருக்கும் தொந்தரவு" என்றார்கள். எங்கள் சூப்பர்வைசரும் நல்லவள்தான், அவளும் அதையே சொன்னாள்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. சாதாரண நோய்க்கு இஎஸ்ஐ கொடுப்பது சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம், அதுவும் வருடத்துக்கு 91 நாள்வரைதான், சந்தா கட்டிய நாள் கணக்கும் பார்ப்பார்கள். வேலையில் பட்ட காயம் என்றால் 90 சதவீதம், குணமாகும்வரை, சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் கிடைக்கும். தினம் 400 ரூபாய் சராசரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 280, இன்னொன்றில் 360. ஆபீஸ் இரண்டு மூன்று நாள் இழுத்தது. பிறகு விபத்துப் புத்தகத்தில் எழுதி, இஎஸ்ஐக்கு விபத்தைத் தெரிவிக்கும் படிவம் 12 அனுப்பினார்கள்.

டாக்டர் சீட்டு ஒவ்வொரு முறையும் இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் வாங்க வேண்டும். அங்கே கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, ஒரு கையில் கட்டு, இன்னொரு கையில் குடை, மழை வேறு. பணம் வங்கிக் கணக்குக்கு வந்தது.

பழைய_கிளார்க்

சபாஷ் அக்கா. இதைப் படிக்கிற மற்ற கம்பெனிப் பெண்களுக்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

இஎஸ்ஐ இருக்கிறவர்கள் பழைய இழப்பீட்டுச் சட்டத்தில் மனுப்போட முடியாது, இரண்டில் ஒன்றுதான். மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவர்களுக்கு இஎஸ்ஐ. உங்கள் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம், கம்பெனி கட்டுவது 3.25 சதவீதம். கம்பெனி உங்களைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தாலும் நாகர்கோவில் இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் முறையிடுங்கள். பதிவு செய்திருக்க வேண்டிய ஆள் என்று தெரிந்தால் இஎஸ்ஐ பணத்தைக் கொடுத்துவிட்டுக் கம்பெனியிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்.

தற்காலிக இயலாமைப் பணம் வாங்கும் காலத்தில் வேலையைவிட்டு நிறுத்த முடியாது. அதேபோல் அந்தக் காலத்தில் நீங்கள் வேறு இடத்தில் கூலிக்குப் போகவும் கூடாது. மருத்துவர் அனுமதி இல்லாமல் ஊரைவிட்டுப் போவதும் பிரச்சனை. உறவினர் கல்யாணத்துக்கு வெளியூர் போய்த் தங்கிவிட்டுப் பணம் நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அக்கா, விரல் நுனி எலும்போடு போயிருந்தால் இதோடு முடியாது. "வேலைக்குத் தகுதி" என்று கடைசிச் சீட்டு எழுதியபின் மருத்துவக் குழுவுக்கு அனுப்பும்படி கிளை அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். நிரந்தரக் குறை எத்தனை சதவீதம் என்று அவர்கள் சொன்னால் அதற்குத் தனியாக ஆயுள்வரை பணம். தானாக யாரும் கூப்பிட மாட்டார்கள்.

களியக்காவிளை_பஸ்

எங்களைப் போல தினமும் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிலை? காலையில் ஐந்தரை மணி பஸ்ஸில் இருக்கிற பாதிப்பேர் டைல்ஸும் பெயிண்டும்தான். அங்கே விழுந்தால் மனுவுக்காக அங்கேயே நடக்கணுமா? அப்புறம் பஸ்ஸில் போகும்போதே அடிபட்டால்?

வக்கீல்_தம்பி_தக்கலை

அங்கே நடக்க வேண்டாம். விபத்து நடந்த இடம், நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் இடம், முதலாளியின் பதிவு அலுவலகம் இருக்கும் இடம், மூன்றில் எந்தப் பகுதி ஆணையரிடமும் போடலாம். நீங்கள் குமரி மாவட்டத்துக்காரர் என்பதற்கு ரேஷன் கார்டோ ஆதாரோ போதும். இங்குள்ள ஆணையர் அந்தப் பக்க ஆணையருக்கு அறிவிப்பு அனுப்பிவிட்டு விசாரிப்பார். சம்பள விஷயத்துக்கு அங்குள்ள மேஸ்திரி அனுப்பிய ஜிபே, வாட்ஸப் செய்தி எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். சம்பளத்துக்கு ஆதாரமே இல்லையென்றால் பெரும்பாலும் அரசின் குறைந்தபட்சக் கூலியை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள், உங்களுக்கு நஷ்டம்.

வழியில் அடிபட்டால்: வீட்டிலிருந்து வேலைக்கு, வேலையிலிருந்து வீட்டுக்கு என்ற பயணத்தையும் நேரம், இடம், வேலை இவற்றோடு தொடர்பு இருந்தால் வேலை விபத்தாகவே கொள்ளலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இஎஸ்ஐயில் 2010 முதலே அப்படி. புதிய தொகுப்பிலும் அது இருக்கிறது. சும்மா சினிமா பார்க்கப் போன வழியில் என்றால் வராது.

வேளிமலை_பொண்ணு

மருத்துவச் செலவு ரசீது எழுதிக் கொடுத்தாயிற்று. காண்ட்ராக்டர் வாங்கிக்கொண்டார், முகம் கொஞ்சம் சுருங்கியது. இப்போது வேறு ஒன்று சொல்கிறார்: "சும்மா உட்காராமல் சைட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கம்பி, சிமெண்ட் கணக்குப் பார், தினம் 300 தருகிறேன்" என்று. போனால் அரைமாதப் பணம் நின்றுவிடுமா?

பழைய_கிளார்க்

டாக்டர் அனுமதித்தால் போகலாம். பணம் முழுவதும் நிற்காது, குறையலாம். விபத்துக்கு முன் அரைமாதச் சம்பளம் எவ்வளவு, இப்போது அரைமாதத்தில் எவ்வளவு வருகிறது, இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாண்டி அரைமாதப் பணம் போகக் கூடாது, அவ்வளவுதான். உங்கள் கணக்கில் முன்பு 9,900. இப்போது பதினோரு நாள் 300 வீதம் 3,300. வித்தியாசம் 6,600, அது 3,750ஐவிட அதிகம். 15,000 உச்சவரம்பை வைத்தே அரைமாதம் 7,500 என்று எடுத்தாலும் வித்தியாசம் 4,200. எப்படிப் பார்த்தாலும் 3,750 முழுதாகவே வரும். 500 கொடுத்தால்தான் யோசிக்க வேண்டும்.

ஆனால் கால் தொங்கவிட்டு வீங்கினால் மறுபடி படுக்கை. எதற்கும் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

செங்கல்சூளை

சரி, நானும் ஒன்று கேட்கிறேன். கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

வக்கீல்_தம்பி_தக்கலை

கொடுக்க வேண்டிய தேதியிலிருந்து ஒரு மாதம் தாண்டினால் 12 சதவீத வட்டி. நியாயமான காரணம் இல்லாமல் தாமதித்தீர்கள் என்று ஆணையர் நினைத்தால் தொகையில் பாதிவரை அபராதம். பாலிசி இருந்தாலும் அந்த அபராதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி தலையில் கட்ட முடியாது, உங்கள் கையிலிருந்துதான். கேட்கும் அளவுக்குப் பொறுப்பு இல்லை என்று வாதாடுபவரும், தான் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு முன்பணம் கட்ட வேண்டும். 2017 திருத்தப்படி ஆளை வேலைக்கு எடுக்கும்போதே இந்த உரிமையை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது, அதை இங்கே யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

வேளிமலை அக்காவுக்கு: கொடுக்க மறுத்தால் நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். தொழிலாளிகளுக்கும் பெண்களுக்கும் வக்கீல் இலவசம். ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே, ரசீது நகல், வங்கிப் புத்தகம் எடுத்துப் போனால் ஒரே உட்காரலில் மனு எழுதிவிடலாம்.

செங்கல்சூளை

பாலிசி எந்த ஆபீஸில் கேட்கணும், எத்தனை ஆளுக்கு எவ்வளவு பிரீமியம் என்று யாராவது தனியே எழுதுங்கள். அடுத்த வாரம் கருங்கல்லில் ஒரு வேலை தொடங்குகிறது, எட்டுப் பேர்.

வேளிமலை_பொண்ணு

காண்ட்ராக்டரிடம் 3,750 கணக்கை எழுதிக் காட்டினோம். முதல் தவணையை இந்த ஞாயிற்றுக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார். தரவில்லை என்றால் திங்கட்கிழமை நாகர்கோவில் போகிறோம். அண்டியாபீஸ் அக்கா, உங்கள் விரல் மருத்துவக் குழு என்னாயிற்று?

அண்டியாபீஸ்_அக்கா

விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன் மோளே. தேதி இன்னும் வரவில்லை.